வெளியே யாரோடும் பேசாத ஆறு பெட்டிகள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைமாருக்கு,

வலையமைப்பை அறுந்துபோகாமல் வைத்திருப்பது எப்படி என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அது கையேட்டில் இருக்கிறது. எடுத்து வாசியுங்கள். கையேட்டைத் திறக்காமல் என் மேசைக்கு வந்து நின்றவர்களுக்கு நான் என்ன மரியாதை செய்வேன் என்று உங்கள் மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஓய்வுபெற்று மூன்று வருடமாகியும் அது மட்டும் இன்னும் வேலைக்குப் போய்வருகிறது.

ஆகவே கையேட்டில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். என் பிழையால் ஒரு மனிதர் பதினாறு நாட்கள் கள்ளன் என்ற பெயரோடு திரிந்தார். அவர் கள்ளன் இல்லை என்று நிரூபிக்கக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். எனக்கோ அது தெரியாமலே இருந்தது. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தும் தெரியாமல் இருந்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வேலை செய்தவள். அங்கே எல்லா வயரும் ஓர் அறைக்கு வரும். எங்கே அறுந்தாலும் அந்த அறையில் இருப்பவளுக்குத் தெரியும். அந்தப் புத்தி எனக்கு எலும்புவரை ஊறிவிட்டது. எல்லாம் என் மேசைக்கு வந்து, என் மேசையால்தான் வெளியே போக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கிரிப்டோ நாணய வேலை வந்தது. நாங்கள் நாணயம் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற பதிவேட்டின் பிரதியை வைத்திருக்கும் பெட்டிகளைப் பராமரித்தோம். இதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது. அதே பதிவேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பெட்டிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் வேறு சில பெட்டிகளோடு ஓயாமல் பேசி, புதிய பக்கங்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு நின்றால் அந்தப் பெட்டி வைத்திருப்பது வெறும் கொப்பிதான்.

எனக்கு வேலை பழக்கியவரை நான் நேரில் கண்டதில்லை. எந்த நாட்டுக்காரர் என்பதும் தெரியாது. கடிதங்களின் கீழே ஓர் எழுத்து மட்டும் போடுவார். ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இந்த வாரம் உன் பெட்டிகள் எந்தப் புதிய அந்நியரோடு பேசின?” எனக்கு எரிச்சல் வரும். முன்பின் தெரியாத பெட்டிகளோடு எதற்குப் பேச வேண்டும்? குப்பை அனுப்பும், இணைய டேட்டாவைத் தின்னும், எவன் வைத்திருக்கிறான் என்றும் தெரியாது. “எல்லாம் ஒழுங்கு” என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு என் விருப்பப்படியே செய்தேன்.

நான் செய்தது இதுதான். நகரத்தில் என் அலுவலகத்தில் ஒரு பெட்டி. காத்தான்குடி, ஏறாவூர், கிரான் தொடங்கி வடக்கே கதிரவெளி வரைக்கும் ஆறு வீடுகளில் ஆறு பெட்டிகள். ஆறும் ஒன்றோடொன்று பேசும். வெளி உலகத்தோடு பேசுவது என் அலுவலகப் பெட்டி மட்டும். மற்றவற்றின் வெளித் தொடர்புகளை நானே கையால் வெட்டினேன். ஏழு ஊர், ஏழு மின்னிணைப்பு, எல்லாம் நம்பிக்கையான நம் ஆட்கள் என்று பெருமை வேறு. எங்கள் பெட்டிகளில் இரண்டுக்குப் பதிவேட்டில் புதிய பக்கம் எழுதும் உரிமையும் இருந்தது. அந்தப் பெருமையைக் கேட்கவே வேண்டாம்.

கதிரவெளிப் பெட்டி யோகேஸ்வரி என்ற பெண்ணின் வீட்டில் இருந்தது. அவளுடைய புருஷன் படகில் விழுந்து முதுகு அடிபட்டு, கடலுக்குப் போக முடியாமல் வீட்டோடு இருந்தவர். பெட்டியைப் பார்த்துக்கொள்வதற்கு மாதாமாதம் கிடைக்கும் சிறு தொகை அவர்களுக்குப் பெரிய உதவி. பெட்டியை அவள் துடைத்துத் துணி போட்டு மூடி வைத்திருப்பாள். காற்றுப் போக வேண்டும், துணியை எடு என்று நான் ஏசிய பிறகுதான் எடுத்தாள். அதன் நெற்றியில் ஒரு சிறு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் எனக்குப் போன் எடு என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருட மாரி மழையில் வாவி பெருகி நகரத்துக்குள் வந்தது. காலையில் என் அலுவலகத்தில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போனது. பேட்டரி இரண்டு மணித்தியாலம் இழுத்துவிட்டு நின்றது, அதோடு என் பெட்டியும் நின்றது. நான் ஈரச் சேலையோடு கதிரையில் ஏறி நின்றுகொண்டு ஆறு வீடுகளுக்கும் போன் எடுத்தேன். “பெட்டி ஓடுதா? பச்சை எரியுதா?” இரண்டே கேள்வி. ஆறு இடத்திலிருந்தும் ஓம் என்று பதில் வந்தது.

கதிரவெளியில் மழை குறைவு. யோகேஸ்வரி சொன்னாள், “ஓம் மிஸ், பச்சை எரியுது. உங்களுக்கிட்ட ஒண்டு கேக்கோணும். இவர்ர போட் இஞ்சின் சும்மாதானே கிடக்கு, அதை நசீர் நானாக்குக் குடுக்கப் போறன். அந்தக் காசில ஒரு சின்னக் கடை போடுவம் எண்டு. இந்தப் பெட்டியாலதான் அனுப்பப் போறாராம். வந்தா நம்பலாமா மிஸ்?”

நசீர் ஓட்டமாவடிக்காரர், முஸ்லிம்; நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். விடிந்தால் லொறியோடு கதிரவெளிக் கரைக்கு வந்து மீன் எடுப்பவர். அவருக்கு முன் அவருடைய வாப்பா அதே கரையில் மீன் எடுத்தவர்.

“பச்சை எரியுதுதானே? மறுகா என்ன கேள்வி? நம்பு,” என்றேன்.

போனை வைத்துவிட்டு, எனக்கு வேலை பழக்கிய, பெயரில்லாத அந்த மனிதருக்கு எழுதினேன்: வெள்ளம் வந்திருக்கிறது, ஆனாலும் ஏழில் ஆறு பெட்டிகள் வேலை செய்கின்றன. எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஆறு பெட்டிகளும் வேலை செய்தது உண்மை. தங்களுக்குள் பேசின. தங்களுக்குள் பக்கம் எழுதின. வெளியே போகும் ஒரே வழியான என் பெட்டி தண்ணீருக்குள் செத்துக் கிடந்தது. ஆகவே எங்கள் பக்கம் ஒரு பதிவேடு, உலகத்துக்கு வேறு பதிவேடு என்று ஒரு பகலும் ஓர் இரவும் இரண்டும் தனித்தனியாக வளர்ந்தன. விளக்குக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனோடு பேசிக்கொண்டிருந்தாலே பச்சையாக எரிகிற விளக்கு அது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்ட கேள்வியே பிழை.

மறுநாள் பின்னேரம் கரண்ட் வந்தது. என் பெட்டியை உலர்த்தி ஓடவிட்டேன். இரண்டு பதிவேடுகளும் சந்தித்தன. இப்படிச் சந்தித்தால் பெரிய கூட்டம் எழுதியது நிலைக்கும், சிறியது அழியும். எங்கள் பக்கங்கள் எல்லாம் அழிந்தன. அவற்றில் இருந்த அனுப்பல்கள் மறுபடி வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் பெரிய பதிவேட்டில் ஏறின. ஒன்று மட்டும் ஏறவில்லை. “இந்த நாணயம் ஏற்கெனவே செலவாகிவிட்டது” என்று திரும்பி வந்தது.

தரையெல்லாம் சேறு. இரண்டு நாளாக ஒழுங்கான சாப்பாடில்லை. யாரோ ஒரு கள்ளன் ஒரே நாணயத்தை இரண்டு இடத்தில் கொடுக்கப் பார்த்திருக்கிறான் என்று நினைத்துத் திரையை மூடினேன். எங்கள் பக்கங்கள் ஏன் அழிந்தன என்று யோசித்தேனா என்றால், யோசித்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. அதைத் தோண்டினால் என் பிழை வெளியே வரும் என்றும் எங்கோ தெரிந்தது. அறிக்கையில் “வெள்ளத்தால் சிறு தாமதம்” என்று எழுதினேன்.

அடுத்த நாள் காலை யோகேஸ்வரி போன் எடுத்தாள்.

“மிஸ், முந்தநாள் வந்த காசு இப்ப காணல்ல. கண்ணால பாத்தனான் மிஸ், வந்து கிடந்தது. இஞ்சினையும் ஏத்தி அனுப்பிட்டன்.”

“அனுப்பினவர் அதையே வேற இடத்துக்கும் குடுத்திருக்கார். எனக்கு இங்க தெரியுது. பெட்டியில ஒரு பிழையும் இல்ல. அவரைப் பிடி.”

“நசீர் நானாவா? அவர் அப்படிச் செய்யிற ஆள் இல்லையே மிஸ்.”

“மெசின் பொய் சொல்லாது யோகேஸ். மனிசர்தான் சொல்லுவாங்க.”

“நீங்க சொன்னாச் சரிதான் மிஸ்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நான் தரையைக் கழுவப் போனேன்.

பதினான்கு நாள் கழித்து சிவலிங்கம் வந்தார். கிரானில் பெட்டி வைத்திருந்தவர், வெள்ளாமைக்காரர். அவருடைய வயல் வட்டையில் தண்ணீர் நின்று பயிர் பாதி அழுகிப்போயிருந்தது. அந்தக் கவலையைச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் வேறு கதை சொன்னார்.

“மிஸ் அறியல்லையா? கதிரவெளியில பெரிய கரைச்சல். யோகேஸ் கோயில்ல கற்பூரம் அணைச்சிட்டா. வந்த காசு என்னட்ட இல்ல, எடுத்தவன்ட குடும்பம் விளங்காமப் போகட்டும் எண்டு. நசீர் நானா பள்ளிவாசல்ல வெச்சுச் சத்தியம் பண்ணிட்டாராம், நான் குடுத்திட்டன் எண்டு. இப்ப அவர்ர லொறியைக் கரைக்கு விடுறாங்க இல்ல. ரெண்டு பக்கமும் பொடியன்மார் சூடேறித் திரியிறாங்க.”

கற்பூரம் அணைப்பது எங்கள் பகுதியில் கடைசிப் படி. எரியும் கற்பூரத்தைச் சாமிக்கு முன்னால் கையால் அடித்து அணைத்து ஒருவர் சத்தியம் செய்தால், அதற்கு மேல் பேச்சில்லை. பொய் சொன்னவரின் வீடும் அப்படியே அணைந்துபோகும் என்பது நம்பிக்கை. யோகேஸ்வரி வாய்க்கு வந்தபடி பேசுகிற பெண் இல்லை. பொலிசுக்குப் போகவும் இரண்டு பேருக்கும் வழியில்லை, நம் நாட்டில் இந்த நாணயம் சட்டப்படி பணமே இல்லை. அவர்களிடம் இருந்தது சத்தியம் மட்டும்தான். ஒன்று தமிழ் ஊர், மற்றது முஸ்லிம் ஊர், இரண்டுக்கும் நடுவில் பழைய காயங்கள் உண்டு. அவற்றை இங்கே கிளற மாட்டேன், உங்களுக்கும் தெரியும். இப்படியான ஒரு சின்ன விஷயம் எங்கே போய் முடியும் என்றும் தெரியும்.

சிவலிங்கத்தை உட்காரவைத்துவிட்டு, மூடிய திரையைத் திறந்தேன். திரும்பி வந்த அந்த ஒரு வரியை இந்த முறை ஒழுங்காக வாசித்தேன். நசீர் அனுப்பியது எங்கள் பெட்டி வழியாக. அதே நாணயம் நான்கு மணித்தியாலம் கழித்து வெளிப் பதிவேட்டில் செலவாகியிருந்தது. அன்று எங்கள் ஆறு பெட்டிகளிலிருந்து வெளியே போக ஊசி முனையளவு வழிகூட இல்லை. நசீரின் போனில் இருந்த வாலட் என்ற நாணயப் பை எங்கள் பெட்டிகள் வழியாக மட்டும்தான் வேலை செய்யும், ஆகவே கதிரவெளி முற்றத்தில் நின்ற அந்த மனிதர் நினைத்தாலும் அதைச் செய்திருக்க முடியாது. வேறு யாரோ, வேறு எங்கோ இருந்து செய்திருக்கிறார்கள்.

சிவலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெளித் தொடர்பை நான் வெட்டியதையும் சேர்த்து. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நம்மட ஆக்கள் ஒரே குடிக்குள்ள கலியாணம் செய்ய மாட்டம்,” என்றார் கடைசியில். குடி என்றால் எங்கள் பகுதியில் தாய்வழி வம்சம். “நசீர் நானாட சோனக ஆக்களுக்குள்ளயும் அந்த வழமை இரிக்கி. குடிக்குள்ளயே எடுத்துக் குடுத்தா உறவு வளராது எண்டு முன்னோர் வெச்சது. நாம பெட்டிக்கு மட்டும் குடிக்குள்ளயே செஞ்சு வெச்சிட்டமே மிஸ்.”

நான் படித்த எந்தக் கையேட்டிலும் இதை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை. உங்களுக்கு வேண்டிய பாடம் அதுதான். எடுத்துக்கொள்ளுங்கள், நான் கதையைத் தொடர்கிறேன்.

அன்று மத்தியானம் பெயரில்லாத மனிதருக்கு உள்ளதை எழுதினேன். உடனே பதில் வந்தது. அவர் ஏசவில்லை. பெட்டிகள் பற்றிய அறிக்கையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஊரில் பேசுவதா வேண்டாமா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். பேசினால் எங்கள் பெட்டிகளை அங்கே யாரும் நம்பமாட்டார்கள், எழுதும் உரிமையும் போகலாம். “அங்கே இருப்பது நீ. நான் இல்லை,” என்பது கடைசி வரி. ஆறு வீட்டுக்காரரின் மாத வருமானம் அதில் தொங்கியது. எனக்கு ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானத்தோடு போகலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி ஓட்டமாவடியில் இருந்தது.

மறுநாள் ஓட்டமாவடிக்குப் பஸ் ஏறினேன். நசீரின் வீட்டு முற்றத்தில் லொறி வெறுமனே நின்றது. என்னை யார் என்று சொன்னதும் அவர் முகம் இறுகியது.

“நீங்களும் கள்ளன் எண்டு சொல்லத்தான் வந்தீங்களா?”

“இல்ல தம்பி. ஒண்டு கேக்க வந்தன். உங்கட வாலட்டின்ட திறப்புச் சொல் வேற ஆருக்குத் தெரியும்?”

“எண்ட தம்பிக்கு. டோஹாவில இரிக்கான். வாப்பா மௌத்தாகி அடக்கின நாளையில இருந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பைதான். அவன் போடுவான், நான் எடுப்பன். நான் போடுவன், அவன் எடுப்பான். கேள்வி கணக்கு இல்ல.”

“அவருக்கு ஒருக்கா போன் எடுங்க.”

தம்பியின் பெயர் றியாஸ். போனைச் சத்தமாகப் போட்டார் நசீர். வெள்ளம் வந்த நாளில் வாலட்டிலிருந்து எடுத்தாயா என்று கேட்டார்.

“ஓம் நானா, டிக்கட்டுக்குக் கட்டினன். வார மாசம் வாறன்தானே. சொல்லோணும் எண்டு இருந்தன், மறந்திட்டன். ஏன், என்னவும் குறையுதா?”

நசீர் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். வாலட் வெறுமையாக இருந்ததை அவர் முன்பே பார்த்திருக்கிறார். யோகேஸ்வரிக்குக் கொடுத்ததால் வெறுமை என்று நினைத்திருக்கிறார். டோஹாவில் இருந்தவனுக்குத் தெரிந்த பதிவேட்டில் அண்ணன் எதுவும் எடுத்திருக்கவில்லை. இங்கே இருந்த பதிவேட்டில் தம்பி எதுவும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நாணயத்தை நாணயமாகச் செலவு செய்திருக்கிறார்கள்.

நசீர் லொறிப் படியில் உட்கார்ந்தார். “அப்ப நான் பள்ளியில வெச்சுச் சொன்னது பொய்யா?”

“இல்ல. நீங்க குடுத்தது மெய். யோகேஸுக்குச் சேராததும் மெய்.”

“ரெண்டும் மெய்யெண்டா ஆரு பொய்?”

நாளைக்குக் கதிரவெளியில் மீனவர் சங்கத்துக்கு வாருங்கள், எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றேன். வருவதா என்று வெகு நேரம் யோசித்தார். கடைசியில், இஞ்சினையும் ஏற்றிக்கொண்டு வருவேன் என்றார்.

மீனவர் சங்கக் கட்டடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். யோகேஸ்வரி புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நசீர் வாசலோடு நின்றார், யாரும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். வெள்ளத்தில் பாலம் உடைந்தால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சேதி, அந்தப் பக்கம் ஒரு சேதி என்று இருக்கும் அல்லவா, அன்றைக்கு எங்கள் பதிவேட்டுக்கும் அதுதான் நடந்தது என்றேன். இந்த அண்ணன் தம்பி இருவரிலும் களவு இல்லை என்றேன். அவர்களுக்கு விளங்கியது. கடலோடு பிழைக்கிறவர்களுக்குத் தொடர்பு அறுவது என்றால் என்ன என்று நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

“வெள்ளம் செய்த வேலைக்கு ஆரு என்ன செய்யிற,” என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கதவு திறந்திருந்தது, நான் அப்படியே நழுவியிருக்கலாம்.

சங்கத் தலைவர் வயதானவர், அவசரப்படாதவர். அவர் யோகேஸ்வரியைப் பார்த்தார். “அதெல்லாம் சரி பிள்ளை. நீ எதை வெச்சு நானாதான் எடுத்தாரெண்டு கற்பூரம் அணைச்ச? ஆரும் சொன்னாங்களா?”

யோகேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

“ஒருத்தரும் சொல்லல்ல,” என்றாள்.

என் அறிக்கைகளை விட்டால், இந்தக் கதை முழுவதிலும் தெரிந்தே சொல்லப்பட்ட பொய் அது ஒன்றுதான். அதையும் எனக்காகச் சொன்னாள். தான் சாமிக்கு முன்னால் சபித்த பழியைத் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டு, என் மரியாதையைக் காப்பாற்றினாள். எனக்கு வெட்கம் தாங்க முடியவில்லை.

“நான் சொன்னன்,” என்றேன். “அவர்தான் எடுத்தாரெண்டு நான்தான் சொன்னன். மெசின் பொய் சொல்லாது எண்டும் சொன்னன். அவர் அப்படிச் செய்யிற ஆள் இல்ல எண்டுதான் அவ சொன்னா. நான் கேக்கல்ல. பெட்டிகள் வெளியில கதைக்காம விட்டதும் வெள்ளம் இல்ல, நான். எனக்கு அடுத்த நாளே ஏதோ பிழை எண்டு விளங்கினது. தேடிப் பாக்கல்ல.”

யாராவது ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைவர் எழுந்து போய் நசீரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து தன் கதிரையில் உட்காரவைத்தார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஞ்சினை யோகேஸ்வரி திரும்ப வாங்கவில்லை. நசீர் அதற்குரியதை வேறு வழியில் கொடுத்துத் தீர்த்தார். எங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் எழுதும் உரிமை பல மாதங்களுக்கு இல்லாமல் போனது. ஏறாவூர் வீட்டுக்காரர் என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார். நான் ஏழு பெட்டிகளையும் பிரித்துக் கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அதனதன் அந்நியர்கள், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு இணையக் கம்பனியில். எந்தப் பெட்டியும் இன்னொரு பெட்டியின் தயவில் வெளியே போகக் கூடாது. வெள்ளக் காலத்தில் இப்போது நீங்கள் வீட்டுக்காரரிடம் கேட்பது “ஓடுதா” என்றல்ல, “வெளியில இருந்து ஆரு கடைசியாக் கதைச்ச” என்று. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. கையேட்டில் அதை எழுதியது நான்தான்.

சங்கம் கலைந்த அந்தக் காலைக்கு வருகிறேன். நான் பஸ்ஸுக்குப் போகப் புறப்பட்டபோது யோகேஸ்வரி பின்னால் வந்தாள்.

“மிஸ், நீங்க ஒருக்கா கோயிலுக்கு வரோணும்.”

கரையோரத்து அம்மன் கோயில் அது. பூசாரியாரிடம் அவள் சங்கம் கலைந்த கையோடு போய்க் கேட்டிருக்கிறாள். அணைத்த கற்பூரத்துக்குப் பரிகாரமாக அதே இடத்தில் மறுபடி கற்பூரம் கொளுத்தி, சொன்ன சாபத்தைத் திருப்பி எடுக்க வேண்டுமாம். தட்டை என் கையில் தந்தாள்.

“நீங்க கொளுத்துங்க,” என்றாள். “நான் சொல்லி எடுக்கிறன்.”

காற்று அதிகம். மூன்று குச்சி அணைந்து நாலாவதில் பற்றியது. அவள் கண்ணை மூடி, நசீரின் பெயரையும் அவருடைய மனைவி மக்கள் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்களுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று கேட்டாள். பிள்ளைகளின் பெயரெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கற்பூரம் தானாக எரிந்து முடியும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுப்பக்கம் போகும்போது, கோயிலுக்கு வெளியே லொறியடியில் நின்ற நசீரிடம் மட்டும், “நாளைக்கு வெள்ளனத்தோட வாங்க நானா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் நசீரிடம் போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. தட்டுத் தடுமாறிக் கேட்டேன்.

அவர் யோகேஸ்வரி போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வராம விட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது மிஸ்.”

“ஓம்.”

“என்னைக் கள்ளன் எண்டு சொன்னதை நான் தாங்கிக்குவன். எண்ட அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனா இந்தப் பதினாறு நாளும் நான் என்ன நினைச்சன் தெரியுமா? புருஷன் கடலுக்குப் போகேலாம வீட்டோட இரிக்க, இந்தப் புள்ள காசுக்கு ஆசைப்பட்டு, சாமிக்கு முன்னால பொய்ச் சத்தியம் பண்ணிட்டாவே எண்டு. எண்ட பொஞ்சாதிக்கும் அப்படித்தான் சொன்னன். புள்ளைகளுக்கும் சொன்னன். மௌத்தாகுமட்டும் அப்படியே நினைச்சுக்கிட்டு இரிந்திருப்பன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. லொறியில் ஏறி, வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டார்.